கிரய சாசனத்தின் சரித்திரமும் வக்கீலின் துணையும்

மனிதர் தம் ஆயுளில் ஈட்டிய பொருளிற் பெரும்பகுதி ஒரே நாளில், ஒரே கையொப்பத்தால், பிறர் கைக்குச் செல்வது வீடோ நிலமோ கிரயத்துக்கு வாங்கும் நாளிலேயாம். விவாகச் செலவு பல நாட்களிற் பல கைகளுக்குச் செல்வது. வியாபார முதல் சிறிது சிறிதாக இறங்குவது. வீட்டின் கிரயமோ பத்திரம் எழுதி முடிந்த அன்றே மொத்தமாய்க் கைமாறுவது. அங்ஙனமிருந்தும், ஒரு ஜோடி காளை வாங்குவதற்குப் பல்லும் சுழியும் பார்த்த குலத்திற் பிறந்த நம்மவர், வீடு வாங்கும்போது ஒருவரையும் கலவாமற் கையொப்பமிட்டு விடுகின்றனர். காரணம் கேட்பின், "விற்கிறவர் நம்மவர், நமக்குள் வக்கீல் எதற்கு?" என்று விடை வருகின்றது.

இவ்விடை கெட்ட எண்ணத்திற் பிறந்ததன்று. ஒருவர் சொல்லை ஒருவர் நம்பி வாழ்ந்த பழக்கத்திற் பிறந்தது. ஆனால் அந்தப் பழைய நம்பிக்கை எதன்மேல் நின்றது என்பதை நாம் மறந்துவிட்டோம். நம் முன்னோர் வெறும் முகத்தை நம்பி நிலம் வாங்கினாரல்லர். அவர்களுடைய ஏற்பாடு எத்தகையது, அது எப்போது மாறிற்று, மாறிய பின் அதனிடத்தில் வந்து நின்றவர் யார் என்பவற்றைச் சுருங்க ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

ஓலைக் காலம்

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் நிலவிலைச் சாசனங்கள் மிகப் பல. அவற்றைப் படிப்பவர் நான்கு செய்திகள் பெரும்பாலும் தவறாது வருவதைக் காண்பர். விற்பவர் இன்னார், கொள்பவர் இன்னார் என்பது ஒன்று. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நிலத்தின் நான்கெல்லையைக் கூறுவது இரண்டு. ஆவணக்களரியில் விலைப்பொருள் முழுதும் பெற்றுக்கொண்டதாக, அஃதாவது ‘பொருளறக் கொண்டு’ விற்றதாகச் சொல்வது மூன்று. அந்நிலத்தின் இறையை இனி இறுப்பவர் யாவர், அல்லது இறைக்கு ஈடாக ஒரு தொகையை முன்னதாகப் பெற்றுச் சபையார் அதனை இறையிலியாக்கினரா என்பது நான்கு. இவற்றின்பின் கையெழுத்துக்களும், எழுதினவன் பெயரும் வரும். இன்றைய கிரயப் பத்திரத்தில் கட்சிக்காரர் பெயர், சொத்து விவரம், பணம் பெற்ற ஒப்புதல், வரி பற்றிய வாசகம் என வருவன இவையே. ஆயிரம் வருஷத்திற்குப் பின்னும் பத்திரத்தின் எலும்புக்கூடு மாறவில்லை.

ஆனால் அக்காலத்துச் சாசனத்துக்கு வலிமை தந்தது அதன் வாசகம் மட்டுமன்று. விற்பனை சபையாரே செய்ததாகவோ, சபையார் அறியச் செய்ததாகவோ இருக்கும். அச்சபையார் யாவர்? உத்தரமேரூரிலுள்ள முதற் பராந்தகன் காலத்துச் சாசனங்கள், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரின் தகுதிகளைக் கூறுகின்றன. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராயிருத்தல் வேண்டும். தம் மனையிலே வீடு கட்டிக் குடியிருப்பவராயிருத்தல் வேண்டும். சொந்த மனையில்லாதவருக்கு அங்கே காரிய பாரம் இல்லை. ஆகவே ஊர்க்காரியம் பார்த்தவர் அனைவரும் நிலமுடையார். எவன் நிலம் எவன் பாட்டனிடமிருந்து வந்தது, எந்த வாய்க்காலுக்கு அப்பால் எவன் எல்லை தொடங்குகின்றது என்பதைப் பிறந்தது முதல் கண்டவர்கள். இவ்வேற்பாட்டிற் குறையும் உண்டு. சபைக் காரியத்துக்குப் புறம்பே வைக்கப்பட்டோர் பலர். பெண்டிர் நிலம் விற்கும்போது பல சாசனங்களில் ‘முதுகண்’ என்னும் ஆண்மகன் ஒருவன் உடனின்று செய்யவேண்டியிருந்தது. நன்மையைச் சொல்லுமிடத்து இதனையும் சொல்லுதலே நேர்மை.

ஓலையை அக்காலத்தார் எங்ஙனம் சோதித்தனர் என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினரான சேக்கிழார் நம் கண்முன் நிறுத்துகின்றார். அது நிலவழக்கன்று, சுந்தரர் தம் அடிமை என்று கிழவேதியர் ஒருவர் தொடுத்த வழக்கு. ஆயினும் முறை ஒன்றே. சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். கிழவர் அஞ்சவில்லை, கிழிந்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கின்றது என்கின்றார். அவையத்தார் மூல ஓலையைக் கரணத்தானைக் கொண்டு படிப்பிக்கின்றனர். சாட்சிகளின் கையொப்பத்தைப் பார்க்கின்றனர். அதன் மேலும், காப்பில் இருந்த பாட்டனாரது வேறோர் எழுத்தை வருவித்து ஒத்துப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர். அவ்வழக்கில் கேட்கப்படும் பிரமாணங்கள் மூன்று: ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி. படியை நம்பாமல் மூலத்தைக் கேட்பதும், கையெழுத்தை ஒப்பிடுவதும், இம்மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதுமே இன்றளவும் பாத்தியம் ஆராயும் முறையாகும்.

ஆதலின் ஓலைக் காலத்தில் வாங்குவோனுக்குப் பிணையாக நின்றது, அவ்வோலையின் உண்மையை அறிந்த ஊரேயாம். "நம்மவர்" என்ற சொல்லுக்கு அன்று பொருள் இருந்தது. ஏனெனில் நம்மவர் அனைவரும் ஓரூரில் இருந்தனர்.

கும்பினியார் காலம்

பின்வந்த நாயக்கர் காலத்திலும் மராட்டியர் காலத்திலும் விலைச் சாசனங்களின் வாசகம் விரிந்தது. நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்னும் அஷ்டபோகங்களுடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தான விற்பனைகளுக்கு யோக்கியமாய் அனுபவித்துக்கொள்ள விற்றதாக எழுதினர். பூமியின் கீழுள்ள புதையல் முதல் இனி உண்டாகும் பலன் வரை ஒன்றையும் விற்றவன் திரும்பக் கேளாதபடி அடைத்த வேலி இது. பிற்காலத்தில் வில்லங்கம் நேரிட்டால் தாமே முன்னின்று தீர்த்துக் கொடுப்பதாகவும் விற்பவர் எழுதிக் கொடுத்தனர்.

கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஆட்சி ஊன்றியபோது இரண்டு மாறுதல்கள் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. நிலத்தின் தீர்வையை ஊராரிடம் மொத்தமாகக் கேளாமல், குடியானவன் ஒவ்வொருவனிடமும் தனித்தனியே கேட்கும் ரயத்துவாரி முறை பரவிற்று. அவனவனுக்குப் பட்டா கிடைத்தது. ஊர்ச்சபை நிலத்தைக் கூடிக் காத்த காலம் மறைந்தது. மற்றொன்று, ஆவணத்தைச் சர்க்கார் புத்தகத்திற் பதியும் வழக்கம். 1802-ஆம் வருஷத்துச் சென்னை ரெகுலேஷன்களில் பதினேழாவது, சாசனங்களைப் பதிவதற்கு ஏற்பாடு செய்தது. இருபத்தொன்பதாவது, கர்ணம் என்னும் கிராமக் கணக்கரின் கடமைகளை வகுத்தது. ஆயினும் பதிவு அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. ஒரே நிலத்தை இருவருக்கு விற்பவனைத் தடுக்க அது போதவில்லை.

1864-ஆம் வருஷத்தில் பதிவுச் சட்டம் தேசமுழுமைக்கும் வந்தது. 1866, 1871, 1877 ஆகிய ஆண்டுகளில் அது மாற்றி எழுதப்பட்டு, 1908-ஆம் வருஷத்துப் பதினாறாவது சட்டமாக நிலைபெற்றது. இதனிடையே 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் ஜூலை மாதம் முதல் தேதி அமலுக்கு வந்தது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான ஸ்தாவர சொத்தைப் பதிவுபெற்ற பத்திரத்தினாலன்றி விற்க முடியாது என்று அதன் 54-ஆம் பிரிவு விதித்தது. வாய்ச்சொல்லால் நிலம் விற்ற காலம் அத்துடன் முடிந்தது. ஓலை போய்க் காகிதம் வந்தது. ஆவணக்களரி போய் ரிஜிஸ்தர் கச்சேரி வந்தது.

பதிவு தருவதும் தாராததும்

இங்கேதான் நம்மவர் பலர் இடறி விழுகின்றனர். "சர்க்கார் முத்திரை விழுந்துவிட்டது, இனி யார் என்ன செய்ய முடியும்?" என்கின்றனர். பதிவு அதிகாரி பார்ப்பது யாது? பத்திரம் எழுதிக்கொடுத்தவர் இவர்தாமா, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கின்றாரா, முத்திரைக் கட்டணம் சரியா என்பவையே. விற்றவருக்கு அச்சொத்து உண்மையிற் பாத்தியப்பட்டதா என்று தீர்மானிப்பது அவர் வேலையன்று. விற்பவர் தம் பாத்தியத்தைக் காட்டாவிடில் பதிய மறுக்கலாம் என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. மூலச் சட்டத்துக்கு அது முரணானதென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தள்ளிவிட்டது. ஆக, தன்னுடையதல்லாத வீட்டையும் ஒருவன் பதிந்து விற்றுவிடக் கூடும். வாங்கினவன் கையில் முத்திரையிட்ட காகிதம் இருக்கும், வீடு இராது. தன்னிடம் இல்லாததை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க இயலாதன்றோ?

பட்டாவும் அத்தகையதே. தீர்வை செலுத்தக் கடமைப்பட்டவர் யாவர் என்று காட்டுவது பட்டா. அது பாத்தியத்துக்கு ஒரு சான்றாகலாமேயன்றிப் பாத்தியத்தின் மூலமாகாது என்று நீதிமன்றங்கள் பலகால் கூறியுள்ளன.

பிற தேசங்களில் வேறு ஏற்பாடு உண்டு. தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரென்ஸ் என்பவர் முயற்சியால் 1858-இல் வந்த முறைப்படி, சர்க்கார் ரிஜிஸ்தரில் எவர் பெயர் உள்ளதோ அவரே, சில விலக்குக்கள் தவிர, உடையவர். நம் நாட்டார் தோட்டமும் கடையும் வாங்கிய மலேயாவிலும் அம்முறையே பரவி, 1965-ஆம் வருஷத்துத் தேசிய நிலச் சட்டத்தில் நிலைத்தது. இலங்கையில் 1840-ஆம் வருஷத்து ஏழாவது சட்டப்படி, நில விற்பனை உறுதி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் முடிக்கப்படவேண்டும். யாழ்ப்பாணத்தார்க்குரிய தேசவழமை, 1707-இல் ஒல்லாந்தரால் தொகுத்தெழுதப்பட்டது, பங்காளருக்கும் அயல் நிலத்தாருக்கும் முன்னதாக அறிவிக்காமல் நிலம் விற்றல் கூடாதென்றது. ஓரிடத்தில் ரிஜிஸ்தரும், ஓரிடத்தில் நொத்தாரிசும், ஓரிடத்தில் அயலாரும் வாங்குவோனைக் காக்கின்றனர். நம் தமிழ்நாட்டில் இம்மூன்றும் இல்லை. இங்கே வாங்குவோன் தானே ஆராய்ந்து தன்னைக் காத்துக்கொள்ளவேண்டும். அவ்வாராய்ச்சியில் அவனுக்குத் துணையாவார் வக்கீல்.

வக்கீல் வந்த வழி

வக்கீல் என்பது அரபுச் சொல். பிறனுக்காக நிற்பவன் என்பது பொருள். 1802, 1816 ஆகிய வருஷங்களின் ரெகுலேஷன்கள் கும்பினிக் கோர்ட்டுகளிற் சுதேச வக்கீல்களுக்கு இடம் வகுத்தன. 1846-ஆம் வருஷத்துச் சட்டம், சாதி சமய தேச பேதமின்றித் தகுதியுள்ள எவரும் இத்தொழில் செய்யலாமென்று வாயிலைத் திறந்தது. சென்னைப் பட்டணத்தில் மட்டும் இங்கிலாந்தின் முறைப்படி பாரிஸ்டர் வேறு, அட்டர்னி வேறு. கோர்ட்டிற் பேசுபவர் பாரிஸ்டர். அங்கே பேசாமல், கட்சிக்காரருக்காகப் பாத்தியம் ஆராய்வதும் சாசனம் எழுதுவதும் அட்டர்னிக்குரியவை. 1862 ஆகஸ்டு 15-இல் ஹைகோர்ட்டு திறந்த பின்பும் இவ்வேற்றுமை நெடுங்காலம் நின்றது. 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர் சட்டம் எல்லோரையும் ஒரே வகுப்பாக்கிற்று. அட்டர்னி என்ற பிரிவும் 1976-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் நீங்கிற்று. பெயர் போயிற்றேயன்றி வேலை போகவில்லை. வீடு வாங்குவோருக்கு இன்று வேண்டியது அந்தப் பழைய அட்டர்னியின் வேலையே.

கிராமங்களில் பத்திரம் எழுதியவர் கர்ணமோ, பத்திர எழுத்தரோ. கர்ணம் ஊர் நிலமெல்லாம் மனப்பாடமாக அறிந்தவர். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-இல் எடுபட்டபோது, அந்தக் கடைசி ஊர் ஞாபகமும் போயிற்று. பத்திர எழுத்தரை நாம் குறை கூறவில்லை. சொல்லியதைச் சட்ட வாசகத்தில் அழகுற எழுதுவது அவர் தொழில். சொல்லியது மெய்யா என்று ஆராய்வது அவர் தொழிலன்று.

வாங்குவோருக்குச் செய்வது

வாங்குவோருக்காக நிற்கும் வக்கீல் முதலிற் கேட்பது தாய்ப்பத்திரம். விற்பவருக்கு இச்சொத்து எங்ஙனம் வந்தது, அவருக்கு விற்றவருக்கு எங்ஙனம் வந்தது என்று சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துச் செல்வார். எவ்வளவு தூரம்? அடைமானம் வைத்தவன் அதனை மீட்பதற்குப் பழைய சட்டத்தில் 60 வருஷம் தவணை இருந்தது. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் அதனை 30 ஆக்கிற்று. முப்பது வருஷத்துக்காவது பார்க்கும் வழக்கத்துக்கு ஆதாரம் இதுவே.

அடுத்தது வில்லங்கச் சான்று. பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, முதற் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். 2018 முதல் தமிழ்நாட்டிற் பதிவுமுறை கணிப்பொறி வழியாக நடைபெறுவதால், வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். இதனைக் கண்டு, "வில்லங்கம் பார்த்துவிட்டோம், வக்கீல் வேண்டா" என்பாருமுளர். வில்லங்கச் சான்றிற் பதியப்பட்டவையே வரும். பதியாத உயில் அதில் வாராது. வாய்மொழிப் பாகப்பிரிவினை வாராது. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் எழுத்தின்றி நடந்திருப்பின் அதுவும் வாராது. ஆகவே வக்கீல் மூலப்பத்திரத்தைக் கண்ணாற் காண விரும்புவார். படி மட்டும் காட்டுபவரிடம் மூலம் எங்கே என்று கேட்பார். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் கேட்டதும் அதுவேயன்றோ?

மூன்றாவது, சுவாதீனம். வீட்டில் இருப்பவர் யார், எந்தப் பாத்தியத்தில் இருக்கின்றார் என்பது. 1929-ஆம் வருஷத்துத் திருத்தம் சொத்து மாற்றுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவிற் சேர்த்த விளக்கங்களில் இரண்டு இங்கே கருதத்தக்கவை. பதிவான பத்திரத்தை வாங்குவோன் அறிந்தவனாகவே கருதப்படுவான் என்பது ஒன்று. சொத்தைச் சுவாதீனத்தில் வைத்திருப்பவருடைய உரிமையையும் அறிந்தவனாகவே கருதப்படுவான் என்பது மற்றொன்று. "எனக்குத் தெரியாது" என்று பின்னர்ச் சொல்வதற்கு இடமில்லை. ஆவணமும் ஆட்சியும் என்று சேக்கிழார் காலத்தார் பார்த்ததையே இச்சட்டமும் பார்க்கச் சொல்லுகின்றது.

சர்வே நம்பரும் உட்பிரிவும் பத்திரத்துடன் ஒத்திருக்கின்றனவா, வரி பாக்கி உண்டா, தாவா நிலுவையில் உண்டா என்பவற்றையும் அவர் பார்ப்பார். தாவா நடக்கும்போது வாங்கினவன் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவன் என்பது 52-ஆம் பிரிவு. பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு வாங்கியதாக எண்ணுவோருக்கு, அது விற்பனையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் கூறியதை எடுத்துச் சொல்வார். கிரய உடன்படிக்கையும் 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டிற் பதியப்படவேண்டுமென்பதை நினைவூட்டுவார்.

யாவற்றிலும் முக்கியமானது வாரிசு ஆராய்ச்சி. இதுவே நம் குடும்பங்களிற் பெரும் துன்பத்துக்கு மூலம். 1856-இல் பிரிவி கவுன்சிலார் ஹனுமான் பிரசாத் பாண்டே வழக்கில் ஒரு நியாயத்தை வகுத்தனர். மைனரின் சொத்தை நிர்வகிப்பவருக்குள்ள அதிகாரம் அளவுபட்டது. அவசியத்துக்காகவோ சொத்தின் நன்மைக்காகவோ மட்டுமே அதனைக் கடனுக்கு ஈடாக்கலாம். பணம் கொடுப்பவன் அவ்வவசியம் உண்டா என்று விசாரிக்கவேண்டும். நேர்மையாய் விசாரித்தானாயின் அவனுக்குப் பாதுகாப்பு உண்டு. விசாரித்தவனைக் காப்பதே சட்டத்தின் கருத்து. 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின்பின், மைனரின் தனிச்சொத்தை விற்கக் கார்டியன் கோர்ட்டின் அனுமதி பெறவேண்டியவரானார்.

ஒரு குடும்பத்தில் நேர்ந்தது

நாம் நன்கறிந்த உறவினர் ஒருவர் 1992-ஆம் வருஷத்தில் ஒரு பூர்விக வீட்டை வாங்கினார். விற்றவர்கள் நம்மவரே, இரண்டு சகோதரர்கள். தகப்பனார் இரண்டு வருஷத்துக்கு முன் காலமானவர். தாயார் அதற்கும் முந்தியே போனவர். கலியாணமாகாத தங்கை ஒருத்தி வீட்டில் இருந்தாள். பத்திரத்தில் அண்ணன் தம்பி இருவரும் கையொப்பமிட்டனர். வாங்கினவருக்கு அந்தத் தங்கையின் கையாற் காப்பியும் கிடைத்தது. அவள் கையொப்பத்தை எவரும் கேட்கவில்லை. வக்கீலிடம் காட்டலாமா என்று நாம் கேட்டதற்கு, "நம் பையன்கள், அவமானமாக எண்ணுவார்கள்" என்றார்.

தமிழ்நாட்டில் 1989 மார்ச்சு 25 முதல், அன்றுவரை கலியாணமாகாத பெண்ணும் மகனைப்போலவே பூர்விக சொத்திற் பங்காளியாவாள் என்று சட்டம் வந்துவிட்டது. அண்ணன்மாருக்கு அது தெரியாது. பத்திரம் எழுதியவரும் கேட்கவில்லை. ஏழு வருஷங் கழித்து, மணமாகி வேறூரிலிருந்த அப்பெண் தன் மூன்றில் ஒரு பங்குக்குத் தாவா போட்டாள். நம் உறவினர் முதலில் அவளை ஏசினார். அவருடைய வக்கீல் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "அந்த அம்மாள் கேட்பது நியாயம். உங்களுக்கு விற்றவர்கள் மூன்றில் இரண்டு பங்குதான் விற்க முடியும்" என்றார். முடிவில் அவர் வேறொரு மனையை விற்று அப்பெண்ணுக்கு அவள் பங்கின் அந்நாளைய விலையைக் கொடுத்து, விடுதலைப் பத்திரம் பெற்றார். அண்ணன்மார் கையிற் பணம் மீதியில்லை. அன்று முதல் அண்ணன்மாரும் தங்கையும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

இதிற் கெட்டவர் என்று நாம் எவரையும் சொல்லவில்லை. முதல் நாளிலேயே ஒரு வக்கீல், "சகோதரிகள் உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்டிருப்பாராயின், மூன்று கையொப்பம் விழுந்திருக்கும், மூன்று பங்காகப் பணம் பிரிந்திருக்கும், ஓர் உறவும் பிரிந்திராது. 2005 செப்டம்பர் 9 முதல் அச்சட்டம் தேசமுழுமைக்கும் விரிந்து, மணமான பெண்களையும் தழுவிற்று. தகப்பனார் அன்று உயிருடனிருந்திருக்க வேண்டுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கிற்று. "நகை போட்டுச் சீர் செய்து அனுப்பிவிட்டோம்" என்பது பங்குக்கு விடையாகாது.

விற்போருக்குச் செய்வது

வக்கீல் வாங்குவோருக்கு மட்டுமே வேண்டுமென்று எண்ணுதல் தவறு. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விற்போரின் கடமைகளை வரிசைப்படுத்துகின்றது. வாங்குவோர் சாதாரண ஜாக்கிரதையாற் கண்டுபிடிக்க முடியாத குறை, சொத்திலோ பாத்தியத்திலோ இருப்பின், விற்பவர் தாமே வெளியிடவேண்டும். மறைத்தால் அது மோசடியாகும். இன்னது சொல்லவேண்டியது என்று விற்பவருக்கு எடுத்துச் சொல்லிப் பின்வழக்கினின்று அவரைக் காப்பவர் வக்கீல்.

கிரயத் தொகையைப் பற்றியது மற்றொன்று. பாக்கிப் பணத்தைப் பின்னர்த் தருவதாகச் சொன்ன உறவினரை நம்பிப் பத்திரத்தைப் பதிந்து கொடுத்துவிடும் முதியோர் நம்மில் உண்டு. பணம் முழுதும் வாராவிடினும் பதிவுடன் சொத்து வாங்கினவருக்குப் போய்விடும். பாக்கித் தொகைக்கு அச்சொத்தின்மேல் விற்றவருக்குப் பாத்தியதை உண்டு என்பது மெய்யே. ஆயின் பத்திரத்தில் முழுதும் பெற்றுக்கொண்டதாக எழுதிவிட்டால், அதனை நிரூபிப்பது அரிது; அறியாமல் வாங்கிய மூன்றாமவர்மேல் அது செல்லவும் செல்லாது. நம் முன்னோர் ‘பொருளறக் கொண்டு’ என்று எழுதியது பொருள் அறக் கொண்ட பின்னரே. முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கக் கிரயத்தைக் குறைத்து எழுதுவதும் இத்தகைய அறியாமையே. குறைமதிப்பை விசாரிக்கும் அதிகாரம் நம் ராஜ்யத்தில் 1967 முதல் உண்டு. கிரயம் ரத்தாகுமாயின், பத்திரத்தில் எழுதாத தொகையைக் கொடுத்ததாகக் காட்டுவது வாங்கினவருக்கும் எளிதன்று.

முடிவுரை

வக்கீலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புக என்று நாம் சொல்லவில்லை. விற்பவருக்காகப் பார்க்கும் வக்கீலே வாங்குவோருக்கும் பார்ப்பது நன்றன்று. ஒருவர் நலம் மற்றவர் நலத்துடன் மோதும் இடத்தில் அவர் எவருக்காக நிற்பார்? இடைத்தரகர் கூட்டிவரும் வக்கீலைவிட நாமே தேடிய வக்கீல் மேல். அவருடைய அபிப்பிராயத்தை முன்பணம் கொடுக்குமுன், எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். பணம் கொடுத்த பின் கேட்கும் அபிப்பிராயம், மருந்து குடித்த பின் வைத்தியரைக் கேட்பதை ஒக்கும்.

நம் சங்கத்தாருக்கு மூன்று விண்ணப்பங்கள் உண்டு. ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வம்சாவளியைப் பெண்மக்கள் பெயருடன் எழுதி வைப்பாராக. மூலப்பத்திரங்களை ஓரிடத்திற் பத்திரமாய் வைத்து, அவை இருக்குமிடத்தை மனைவி மக்களுக்குச் சொல்லி வைப்பாராக. நம்மவருக்குள் விற்பனை நடக்கும்போது, வாங்குவோர் வக்கீலிடம் காட்டவேண்டும் என்றால் விற்போர் அதனை அவமதிப்பாக எண்ணாது, தாமே காகிதங்களை எடுத்துக் கொடுப்பாராக.

முன்னோர் காலத்தில் ஊர் அறிந்திருந்தது. ஆதலின் நம்பிக்கை நிலைத்தது. இன்று நம்மவர் நாற்றிசையிலும் பரவிவிட்டோம். உறவு உண்டு, அந்த அறிவு இல்லை. ஊர்ச்சபை அறிந்திருந்ததை இன்று ஒருவர் காகிதங்களிலிருந்து தேடி எடுத்துச் சொல்லவேண்டியிருக்கின்றது. அதற்குக் கொடுக்கும் கூலியே வக்கீல் பீஸ். வீட்டையும் உறவையும் ஒருங்கே காப்பதற்கு அது பெருஞ் செலவன்று என்பதை நம்மவர் உணர்வாராக.